வீடு தேடி வரும் மருத்துவமும் பெண்ணின் உழைப்பும்: தருமபுரி வட்டாரச் சமூகம்சார் நோய்ச் சிகிச்சைத் திட்டங்களில் பாலினப் பங்குகள்

ஆய்வுச் சுருக்கம்

நோயாளியை மருத்துவமனைக்கு வரவழைப்பதற்கு மாற்றாக அவர் வாழும் இடத்திலேயே சிகிச்சை அளிப்பது சமூகம்சார் சிகிச்சைத் திட்டங்களின் அடிப்படையாகும். காசநோய் ஒழிப்பு முதல் தொற்றா நோய்த் தடுப்பு வரை தமிழகம் இம்முறையில் நெடிய அனுபவம் உடையது. சிகிச்சை வீட்டுக்கு இடம்பெயரும்போது அதற்கான உழைப்பும் வீட்டுக்கு இடம்பெயர்கிறது. அவ்வுழைப்பின் பெரும்பகுதி பெண்களைச் சேர்கிறது. தருமபுரி மாவட்டத்தையும், 2004 வரை அதனுள் அடங்கியிருந்த கிருஷ்ணகிரிப் பகுதியையும் களமாகக் கொண்டு, இத்திட்டங்களில் ஆண், பெண் இருபாலரும் ஏற்கும் பங்குகளை இக்கட்டுரை விளக்குகிறது. மகளிர் சுய உதவிக் குழுக்கள், மக்களைத் தேடி மருத்துவம், சிட்லிங்கிப் பள்ளத்தாக்கின் நலவாழ்வுப் பணி, பெண்சிசுக் கொலைக்கு எதிரான கலைப்பயணம் ஆகியவை எடுத்துக்காட்டுகளாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: தருமபுரி, பாலினப் பங்கு, சமூகம்சார் சிகிச்சை, மகளிர் சுகாதாரத் தன்னார்வலர், தொற்றா நோய்கள், சிட்லிங்கி.

முன்னுரை

1978ஆம் ஆண்டு அல்மா அட்டாவில் நடைபெற்ற பன்னாட்டு மாநாடு, ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பில் மக்களின் பங்கேற்பு இன்றியமையாதது என்று அறிவித்தது. அதன்பின் ‘சமூகப் பங்கேற்பு’ என்னும் தொடர் சுகாதாரத் திட்ட ஆவணங்கள் பலவற்றிலும் இடம்பெறலாயிற்று. ஆனால் சமூகம் என்பது ஒரே தன்மையுடைய தொகுதியன்று. பங்கேற்பவர் யார், முடிவெடுப்பவர் யார், ஊதியம் பெறுபவர் யார், ஊதியமின்றி உழைப்பவர் யார் என்னும் வினாக்களை எழுப்பும்போதுதான் அச்சொல்லின் உள்ளடக்கம் புலப்படும்.

வளர்ச்சித் திட்டங்களைப் பாலின நோக்கில் ஆராய்ந்த கரோலின் மோசர், பெண்கள் மூவகைப் பணிகளைச் சுமப்பதாக வகுத்தார். குழந்தைப்பேறும் வீட்டுப் பராமரிப்பும் முதல் வகை. வருவாய் ஈட்டும் உழைப்பு இரண்டாம் வகை. ஊருக்குப் பொதுவான தேவைகளை நிறைவுசெய்யும் பணி மூன்றாம் வகை. சமூகம்சார் சிகிச்சைத் திட்டங்கள் முதல் வகையையும் மூன்றாம் வகையையும் ஒருசேரச் சார்ந்து நிற்பவை. வீட்டிலுள்ள பெண் நோயாளியைப் பராமரிக்கிறார். ஊரிலுள்ள மற்றொரு பெண் மருந்து கொண்டுவருகிறார். இவ்விரு பெண்களுக்கும் இரண்டாம் வகைப் பணியும் உண்டு என்பது திட்டமிடலில் எளிதில் மறக்கப்படுகிறது.

வீட்டுச் சிகிச்சையின் தோற்றம்

வீட்டிலிருந்தே மருத்துவம் பெறும் முறைக்கு அறிவியல் அடித்தளம் இட்ட ஆய்வுகளுள் ஒன்று சென்னையில் நிகழ்ந்தது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மருத்துவமனையில் தங்கவைத்தும் மற்றொரு பிரிவினரை அவரவர் வீட்டில் இருக்கச்செய்தும் ஒரே மருந்துகளை அளித்தது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழுவினர் 193 நோயாளிகளைக் கொண்டு நடத்திய இவ்வாய்வின் முடிவு 1959இல் வெளிவந்தது. வீட்டுச் சிகிச்சை மருத்துவமனைச் சிகிச்சைக்கு இணையான பயனைத் தந்தது. வீட்டில் உடனிருந்தோருக்கு அதனால் கூடுதல் நோய்த்தொற்று ஏற்படவில்லை. உலகெங்கும் காசநோய் மருத்துவம் சானடோரியங்களிலிருந்து வெளியேறுவதற்கு இம்முடிவு வழிவகுத்தது.

இவ்வாய்வின் மருத்துவப் பயன் ஐயத்திற்கு இடமற்றது. அதன் சமூக விளைவு வேறொரு தளத்தில் கவனிக்கத்தக்கது. மருத்துவமனையில் உணவு சமைப்பவர், படுக்கை விரிப்பைத் துவைப்பவர், வேளைதோறும் மாத்திரை கொடுப்பவர் ஆகியோர் ஊதியம் பெறும் பணியாளர்கள். அதே நோயாளி வீட்டில் இருக்கும்போது இப்பணிகள் மறைந்துவிடுவதில்லை. மனைவி, தாய், மகள், மருமகள் என்னும் உறவுப்பெயர்களுக்குள் அவை அடங்கிவிடுகின்றன. அரசின் கணக்கில் சிகிச்சைச் செலவு குறைகிறது. குறைந்த செலவின் ஒரு பங்கு பெண்ணின் நேரமாக மாறுகிறது. அந்நேரத்தை எந்த வரவு செலவுத் திட்டமும் கணக்கிடுவதில்லை.

தருமபுரியின் களப் பின்னணி

சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2இல் பிரிக்கப்பட்ட தருமபுரி மாவட்டம், 2004 பிப்ரவரி 9இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது இன்றைய எல்லையைப் பெற்றது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை ஏறத்தாழ 15 இலட்சம். பெரும்பான்மையோர் சிற்றூர்களில் வாழ்கின்றனர். எழுத்தறிவு 68.5 விழுக்காடு, அக்கணக்கெடுப்பில் தமிழக மாவட்டங்களுள் இதுவே மிகக் குறைந்த அளவாகும். பெண்களின் எழுத்தறிவு ஆண்களைவிட மேலும் குறைவாக இருந்தது.

கேழ்வரகு, சாமை, மரவள்ளி, மா ஆகியவை விளையும் மானாவாரி நிலம் மிகுந்த இம்மாவட்டத்தில் மழை பொய்க்கும் ஆண்டுகளில் பிழைப்புத் தேடி வெளியூர் செல்வது வழக்கம். பெங்களூரு, திருப்பூர், கேரளம் ஆகிய இடங்களுக்குக் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் பலர் செல்கின்றனர். குடும்பமாகச் செல்வோரும் உண்டு. ஆண் மட்டும் சென்று, பெண் நிலத்தையும் கால்நடையையும் முதியோரையும் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு. ஊரிலிருக்கும் பெண்களும் பகலில் வீட்டில் இருப்பதில்லை. களையெடுப்பு, அறுவடை, நூறுநாள் வேலை எனக் காலையிலேயே வெளியே செல்கின்றனர்.

பெண்குழந்தைகளின் நிலையும் இப்பின்னணியின் ஒரு பகுதி. இன்றைய மாவட்ட எல்லைக்குள் ஆறு வயதுக்குட்பட்டோரில் 1,000 ஆண்குழந்தைகளுக்கு 2001இல் 826 பெண்குழந்தைகளே இருந்தனர். 2011இல் இது 913 ஆக உயர்ந்தது. பெண் உயிரின் மதிப்பே வினாவுக்குள்ளான ஒரு நிலப்பகுதியில், பிறர் உயிரைக் காக்கும் பணி பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது என்னும் முரண் ஆழ்ந்த கவனத்திற்குரியது.

துறைக் கட்டமைப்பில் பாலினப் பகுப்பு

பாலின அடிப்படையிலான பணிப் பகுப்பு அரசின் சுகாதாரக் கட்டமைப்பிலேயே இடம்பெற்றுள்ளது. 1973இல் கர்த்தார் சிங் குழு, தனித்தனி நோய்களுக்கெனத் தனித்தனிப் பணியாளரை வைத்திருந்த முறையை மாற்றி, ஆண், பெண் பல்நோக்குப் பணியாளர்களை அமர்த்தப் பரிந்துரைத்தது. நடைமுறையில் தாய்சேய் நலம், தடுப்பூசி, குடும்பநலம் ஆகியவை பெண் பணியாளரான கிராம சுகாதார செவிலியரிடம் வந்துசேர்ந்தன. கொசு ஒழிப்பு, குடிநீர்க் குளோரினேற்றம், கொள்ளைநோய்த் தடுப்பு ஆகியவை பெரும்பாலும் ஆணாகிய சுகாதார ஆய்வாளரின் பணிகளாயின. வீட்டுக்குள் நுழையும் மருத்துவம் பெண்ணுக்கும் தெருவிலும் பொதுவெளியிலும் நிகழும் மருத்துவம் ஆணுக்கும் உரியன என்னும் எல்லைக்கோடு இவ்வாறு துறைசார் வழக்கமாகவே நிலைபெற்றது.

இக்கோட்டின் நன்மையையும் மறுத்தல் இயலாது. கருவுற்ற பெண்ணின் வீட்டிற்குள் ஆண் பணியாளர் தடையின்றிச் செல்லுதல் அரிது. மகப்பேற்று நலத்தில் தமிழகம் அடைந்த முன்னேற்றத்தில் கிராம சுகாதார செவிலியரின் பங்கு பெரிது. ஆயினும் இதன் மறுபக்கமாக, ஊர்ப்புற ஆணின் உடல்நலம் பற்றி அவரோடு தொடர்ந்து பேசும் பணியாளர் எவரும் இல்லாமற்போயினர். ஆண் மருத்துவத்தின் கண்ணில் படுவது பெரும்பாலும் நோய் முற்றிய பிறகே ஆயிற்று.

சுய உதவிக் குழுவிலிருந்து மருந்துப் பை வரை

1989 செப்டம்பரில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். சிறுசேமிப்பையும் கடனையும் மையமாகக் கொண்ட இக்குழுக்கள் பின்னர்ப் பிற மாவட்டங்களுக்குப் பரவின. 1997-98 முதல் மகளிர் திட்டம் என்னும் பெயரில் மாநிலம் முழுவதற்குமான இயக்கமாக வளர்ந்தன. 1983இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இவற்றை ஒருங்கிணைக்கிறது.

2021 ஆகஸ்ட் 5இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை வீட்டிலேயே வழங்குதல், நோய் ஆதரவுச் சிகிச்சை, இயன்முறைச் சிகிச்சை, சிறுநீரக நோயாளிகளுக்கான வயிற்றுவழி டயாலிசிஸ் பைகளை அளித்தல் ஆகியன இதன் கூறுகள். வீடுவீடாகச் செல்லும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் சுய உதவிக் குழுக்களின் வழியே தேர்ந்தெடுக்கப்பட்டனர். முப்பதாண்டுகளுக்கு முன் கடன் பெறவும் சேமிக்கவும் இதே வட்டாரத்தில் உருவான பெண்களின் அமைப்பு, மாநிலத்தின் தொற்றா நோய்ச் சிகிச்சைக்குத் தோள்கொடுக்கும் அமைப்பாக வளர்ந்திருப்பது வரலாற்றுத் தொடர்ச்சியாகும். இத்திட்டம் 2024இல் தொற்றா நோய்த் தடுப்புக்கான ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணிக்குழு விருதைப் பெற்றது.

திட்டத்தின் தேவையை 2020இல் தமிழகத்தில் நடத்தப்பட்ட ‘ஸ்டெப்ஸ்’ கணக்காய்வு உணர்த்துகிறது. அதன்படி வயதுவந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது, அவர்களுள் 7.3 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள் இருந்தது. நீரிழிவு 17.6 விழுக்காட்டினருக்கு இருந்தது. கட்டுக்குள் வைத்திருந்தோர் அவர்களுள் 10.8 விழுக்காட்டினர். மருந்து இலவசமாகக் கிடைத்தும் நோய் கட்டுப்படவில்லை என்றால் தடை மருந்துக்கும் மனிதருக்கும் இடையிலுள்ள தொலைவில் இருக்கிறது. அத்தொலைவை நடந்து கடப்பவர் தன்னார்வலரே.

அவருடைய பணிநிலை இரட்டைத் தன்மை கொண்டது. இரத்த அழுத்தமானியும் சர்க்கரை அளவுமானியும் கையாளக் கற்று, விவரங்களைக் கைப்பேசிச் செயலியில் பதிவுசெய்து, நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் பயிற்சி பெற்ற பணியாளர் அவர். ஆனால் ‘தன்னார்வலர்’ என்னும் பெயர் அவரை ஊழியர் என்னும் தகுதியிலிருந்து விலக்கிவைக்கிறது. அவர் பெறுவது ஊக்கத்தொகை, ஊதியம் அன்று. பராமரிப்பு என்பது பெண்ணின் இயல்பான குணம், அதற்கு விலை கூற வேண்டியதில்லை என்னும் பழைய கருத்து இப்பெயரிடலில் மறைந்து நிற்கிறது. தன்னார்வம் என்ற சொல்லால் பெருமைப்படுத்தப்படும் உழைப்பு, அதே சொல்லால் மலிவாக்கவும்படுகிறது.

எனினும் இப்பணியைச் சுரண்டலாக மட்டும் காண்பது முழுமையான பார்வையாகாது. மருத்துவக் கருவியுடன் ஊருக்குள் நடக்கும் பெண், முன்பு தமக்குக் கிடைக்காத மதிப்பொன்றைப் பெறுகிறார். ஊரார் அவரிடம் ஐயம் கேட்கின்றனர். ஆரம்ப சுகாதார நிலையத்துடன் நேரடித் தொடர்பு வாய்க்கிறது. பொருளுரிமை இன்றி மதிப்பு மட்டும் கிடைப்பது போதுமா என்பதே எஞ்சும் வினா.

நோயாளியாகும் ஆண், நோயாளியாகும் பெண்

வீடு தேடி வரும் மருத்துவம், வீட்டில் இருப்பவரையே கண்டடையும். பெங்களூருவில் கட்டட வேலை செய்து திங்களுக்கு ஒருமுறை ஊர் திரும்பும் நாற்பத்தைந்து வயது ஆணை எண்ணிப் பார்க்கலாம். தன்னார்வலர் வரும் நாளில் அவர் ஊரில் இல்லை. மாத்திரையைப் பெற்றுக்கொள்பவர் அவர் மனைவி. கணவர் அதை உட்கொண்டாரா என்பதற்கு விடைகூற வேண்டியவரும் அவரே. நோய் ஆணுடையது, அதன் பொறுப்பு பெண்ணுடையது. உடலில் வலியோ தளர்ச்சியோ தோன்றாத நோய்க்கு நாள்தோறும் மருந்துண்பது பலவீனத்தின் அடையாளம் என ஆண்மை பற்றிய வழக்கமான கருத்து கற்பிக்கும் இடத்தில், மனைவியின் நினைவூட்டல் நச்சரிப்பாகவே கொள்ளப்படும். மதுப்பழக்கம் உள்ள வீட்டில் அது பூசலுக்கும் காரணமாகலாம்.

காசநோயில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. 2019-21இல் நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் கணக்காய்வு, இந்நோய் பெண்களைவிட ஆண்களிடையே கணிசமாக மிகுதி என்று காட்டியது. புகை, மது, நெரிசலான பணியிடம், சிகிச்சையை இடையில் நிறுத்துதல் ஆகியன ஆண் வாழ்க்கைமுறையோடு நெருங்கியவை. பெண்களிடம் நோய் குறைவு என்பது அவர்களின் துன்பம் குறைவு என்று பொருள்படாது. மணமாகாத பெண்ணுக்குக் காசநோய் என்றால் திருமணம் தடைப்படும் என்னும் அச்சம் நோயை மறைக்கத் தூண்டுகிறது. குடும்பத்தில் கடைசியாக உண்ணும் பெண்ணுக்கு ஊட்டச்சத்து குறைகிறது. காசநோயாளிகளுக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் ஊட்டச்சத்து உதவியாக வழங்கப்படுகிறது. அத்தொகை நோயாளியான பெண்ணின் தட்டில் உணவாக மாறுமா என்பதை வங்கிக் கணக்கு தீர்மானிப்பதில்லை. அடுப்படியின் முறைவரிசையே தீர்மானிக்கிறது.

2022 ஏப்ரலில் தொடங்கிய ‘தமிழ்நாடு காசநோய் இறப்பிலாத் திட்டம்’, நோய் கண்டறியப்பட்ட உடனே கடும் ஊட்டச்சத்துக் குறைவு, மூச்சுத்திணறல் போன்றவை உள்ளோரைப் பிரித்தறிந்து மருத்துவமனையில் சேர்க்க வழிசெய்கிறது. உயிரிழப்பைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு இது. இங்கும் பாலின வேறுபாடு குறுக்கிடும். ஆண் சேர்க்கப்படும்போது மனைவி உடன் சென்று தங்குகிறார். பெண் சேர்க்கப்படும்போது, வீட்டில் குழந்தைகளுக்கும் மாட்டுக்கும் யார் பொறுப்பு என்னும் கேள்வி எழுகிறது. அதற்கு விடை கிடைக்காத பெண், உடல் தேறுமுன்பே வீடு திரும்ப விரும்புவார்.

பராமரிப்பவர் நோயுறும்போது அவரைப் பராமரிக்க ஆளில்லை என்பதே இத்திட்டங்களின் மிகப்பெரிய இடைவெளி. பிறருடைய மாத்திரையை நாள்தவறாமல் எடுத்துக்கொடுக்கும் பெண் தமது மாத்திரையை மறக்கிறார். மார்பகப் புற்றுநோய்க்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் முப்பது வயது கடந்த பெண்களைப் பரிசோதிக்கும் வசதி அரசு நிலையங்களில் உண்டு. ஐயத்திற்குரிய முடிவு வந்தால் அடுத்த பரிசோதனைக்கு மாவட்டத் தலைநகரிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல நேரிடும். மலையூர்ப் பெண்ணுக்கு அது ஒருநாள் கூலியின் இழப்பும் பயணச் செலவும், உடன்வர ஒரு துணைக்கான காத்திருப்புமாகும்.

சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு: ஒரு மாற்று அனுபவம்

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையில் அமைந்த சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் வாழ்கின்றனர். 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இணையர் இங்கு ‘டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ அமைப்பைத் தொடங்கினர். முதல் மருத்துவமனை ஒரு குடிசையே. தொடக்கக் காலத்தில் இப்பகுதியில் 1,000 பிறப்புகளுக்கு 147 சிசு மரணங்கள் நிகழ்ந்தன என்றும், பின்னர் அது பன்மடங்கு குறைந்தது என்றும் அவ்வமைப்பு பதிவுசெய்துள்ளது.

இம்மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் உள்ளூர்ப் பெண்கள். இளம்பெண்கள் செவிலியர்க்குரிய பயிற்சி பெற்று மருத்துவமனைப் பணியாளராயினர். ஊர்தோறும் மக்களே தேர்ந்தெடுத்த மூத்த பெண்கள் நலவாழ்வுத் துணைப்பணியாளராயினர். கருவுற்றோரையும் குழந்தைகளையும் கவனிப்பதும் நோயை முன்னரே கண்டறிந்து சொல்வதும் அவர்தம் பணி. பள்ளிப்படிப்பின் அளவைவிட ஊராரின் நம்பிக்கையே தேர்வுக்கு அடிப்படையாயிற்று.

இப்பணி மருத்துவத்தோடு நின்றுவிடவில்லை என்பது பாலின நோக்கில் முதன்மையானது. வேளாண்மை நலிந்து மக்கள் திருப்பூர் போன்ற ஊர்களுக்குப் பெயர்வது உடல்நலத்தையும் சிதைக்கிறது என்பதை உணர்ந்து, இயற்கை வேளாண்மைச் சங்கம் உருவாக்கப்பட்டது. லம்பாடிப் பெண்களின் மரபுவழித் தையற்கலை ‘போர்கை’ என்னும் பெயரில் வருவாய்த் தொழிலாக மீட்கப்பட்டது. போர்கை என்பது அம்மொழியில் பெருமிதம் எனப் பொருள்படும். பெண்ணின் பராமரிப்பு உழைப்பை மட்டும் கேட்டுப் பெறாமல், அவருடைய வருவாய்க்கும் வழிதேடியது இம்முயற்சியின் தனித்தன்மை எனலாம். மோசர் வகுத்த மூவகைப் பணிகளையும் ஒருங்கே கருத்திற்கொண்ட திட்டமாக இது அமைகிறது.

ஆண்களை நோக்கிய உரையாடல்

பாலினப் பங்கு மாற வேண்டுமெனில் ஆண்களிடம் பேசியாக வேண்டும். தருமபுரியில் அதற்கும் முன்னுதாரணம் உண்டு. 1997-99 காலப்பகுதியில் பெண்சிசுக் கொலைக்கு எதிராக மாவட்டம் முழுவதும் கலைப்பயணம் நடத்தப்பட்டது. வெங்கடேஷ் ஆத்ரேயா, ஷீலா ராணி சுங்கத் ஆகியோர் இம்மக்கள் திரட்டலைக் கட்டுரையாக ஆவணப்படுத்தியுள்ளனர். வீட்டுக்குள் ஒளிக்கப்பட்ட ஒரு செயல், தெருநாடகத்தின் வழியே ஊர்ப் பொதுவில் பேசுபொருளாயிற்று. தாயை மட்டும் குற்றவாளியாக்கும் அணுகுமுறையிலிருந்து விலகி, வரதட்சணையும் ஆண்மகவு விருப்பமும் கொண்ட சமூகம் முழுவதையும் நோக்கி அது பேசியது.

மருந்தைத் தொடர்ந்து உண்பதும் மனைவியின் பரிசோதனைக்கு உடன்செல்வதும் ஆணின் கடமை என்னும் கருத்தை விதைக்க இத்தகைய பொதுவெளி உரையாடல் பயன்படும். தொழிலாளர்களைப் பணியிடத்திலேயே பரிசோதிக்கும் திட்டம் 2024இல் தமிழகத்தில் தொடங்கப்பட்டதும் இத்திசையிலான ஒரு நகர்வே. வீட்டில் காணக் கிடைக்காத ஆணை வேலைத்தலத்தில் சந்திக்க அது வழிசெய்கிறது. ஆயினும் முறைசாராக் கட்டட வேலையில் இடம் மாறிக்கொண்டே இருப்போரையும் மாநில எல்லை கடந்து செல்வோரையும் எட்டுவது இன்னும் பெரும்பணியாக உள்ளது.

முடிவுரை

தருமபுரி வட்டார அனுபவங்களிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. சமூகம்சார் சிகிச்சையின் வெற்றி, ஊதியமற்ற குடும்பப் பெண்ணின் உழைப்பிலும் குறைந்த தொகை பெறும் தன்னார்வலரின் உழைப்பிலும் தங்கியுள்ளது. ஆண் பெரும்பாலும் பராமரிப்பைப் பெறுபவராகவே நிற்கிறார். தன் நோய்க்குத் தானே பொறுப்பேற்பவராக அவரை மாற்றும் முயற்சிகள் தொடக்க நிலையிலேயே உள்ளன. பராமரிக்கும் பெண்ணே நோயுறும்போது திட்டத்தின் தாங்குதூண் சாய்கிறது.

எனவே தன்னார்வலர் என்னும் நிலையைப் பணியுரிமையும் சமூகப் பாதுகாப்பும் உடைய பதவியாக உயர்த்துதல், வீட்டு வருகையின் நேரத்தை மக்களின் வேலை நேரத்திற்கேற்ப அமைத்துக் கூடுதல் நேரத்திற்குரிய தொகையை வழங்குதல், ஆண் தன்னார்வலர்களையும் இணைத்தல், பரிசோதனைக்குச் செல்லும் பெண்ணுக்குப் பயணச் செலவும் கூலியிழப்பும் ஈடுசெய்தல், திட்ட விவரங்களை ஆண், பெண் எனப் பிரித்து வெளியிடுதல் ஆகியவை உடனடித் தேவைகளாகும். கடைசியாகக் கூறப்பட்டதே ஏனையவற்றுக்கு அடிப்படை. வழங்கப்பட்ட மருந்துப் பெட்டகங்களின் எண்ணிக்கை திட்டத்தின் பரப்பைக் காட்டும். அம்மருந்தை யார் சுமந்தார், யார் நினைவூட்டினார், யார் உண்டார், தமக்குரியதை யார் உண்ணாமல் விட்டார் என்பவற்றையும் பதிவுசெய்யும் நாளில்தான் அதன் ஆழம் தெரியவரும்.